வெங்காரப் பொட்டலம்

ரத்தினசோபா அக்காவுக்கு முழங்கால் வலி வந்தால் எனக்குத் திட்டு விழும். அன்று காலை திமி ஊருக்குள் நுழைவதற்குள் இரண்டு விழுந்துவிட்டது. ஒன்று ஸ்கூட்டர் குலுங்கியதற்கு, இன்னொன்று மூடுபனிக்கு. மாக் மாதக் குளிரில் மூடுபனி இருப்பதற்கு நான் என்ன செய்யமுடியும் என்று கேட்க வாய் வந்தது. இருபத்திரண்டு வருஷம் போலீஸில் இருந்து இன்ஸ்பெக்டராக வெளியே வந்தவரிடம் அப்படியெல்லாம் கேட்கக்கூடாது என்று அடக்கிக்கொண்டேன்.

எங்கள் துப்பறியும் நிலையம் பானேஷ்வரில், ஒரு பல் டாக்டருக்கு மேல்மாடியில் இருக்கிறது. வருகிற வேலையில் முக்கால்வாசி கல்யாண விசாரிப்பு. மாப்பிள்ளை குடிப்பாரா, பெண்ணின் ஆஸ்திரேலியா விசா நிஜமா, இந்த ரகம். மிச்சம் காணாமல் போன நாய்கள். நான் புர்பா தமாங், முன்னாள் மைக்ரோ பஸ் டிரைவர். கொலை, கொள்ளை, கள்ளச் சாவி என்று என்னென்னவோ எதிர்பார்த்து இந்த வேலைக்கு வந்தேன். கடைசியில் வந்து சேர்ந்தது காலிஃபிளவர்.

விஷயம் இதுதான். எங்களைக் கூப்பிட்ட தேவராஜ் கிமிரே என்ற இருபத்தேழு வயதுப் பையன் திமி விவசாய அலுவலகத்தில் ஒப்பந்த வேலையில் இருந்தான். அஷ்டமாயா துவால் என்ற அம்மாவின் வயலில் அவன் ஒரு சோதனை நடத்தினான். எட்டுப் பாத்தி காலிஃபிளவர். எட்டுக்கும் வழக்கம்போலத் தொழுவுரம், யூரியா, டிஏபி, பொட்டாஷ். ஒன்று, மூன்று, ஐந்து, ஏழாம் பாத்திகளுக்கு மட்டும் கூடவே நுண்சத்து: மண்ணில் போராக்ஸ் என்கிற வெங்காரம், இலையில் மாலிப்டினக் கரைசல். மற்ற நாலும் ஒப்பிட்டுப் பார்க்கச் சும்மா. அறுவடையில் ஒற்றைப்படை ஜெயிக்கவேண்டும். ஜெயிக்கவில்லை. எட்டுப் பாத்தியும் கிட்டத்தட்ட ஒரே எடை.

அலுவலகத் தலைவர் பீஷ்மகாந்த் ரிஜால் ஸ்வெட்டருக்கு மேல் கோட்டு, கோட்டுக்கு மேல் சால்வை போட்டு, ஹீட்டரைக் காலடியில் வைத்துக்கொண்டு எங்களை வரவேற்றார். மேஜைமேல் ஒரு பழுப்புக் காகிதப் பொட்டலம் கிடந்தது. "சோதனைத் திடல், பாத்தி 3" என்று அலுவலக முத்திரை. மனைவியின் வளையலைப் பற்றவைக்கக் கொடுக்கப் போன இடத்தில், தட்டார் பூர்ணரத்ன சாக்யாவின் பட்டறைப் பலகையில் அதைப் பார்த்து எடுத்துவந்திருக்கிறார்.

"நகை பத்தவைக்க வெங்காரம் இல்லாம முடியாது. ஊருக்கே தெரியும். இவன் ஆபீஸ் சரக்க அங்க கொண்டுபோய் வித்துட்டான். வயல்ல ஒண்ணும் போடல. அப்புறம் வித்தியாசம் எங்கேருந்து வரும்?" என்றார் ரிஜால்.

அக்கா பதிவேட்டைப் புரட்டினார். ஒரு பூ சராசரி ஒரு கிலோவுக்குமேல் என்று எழுதியிருந்ததைக் காட்டி, எடை நன்றாகத்தானே இருக்கிறது என்று கேட்டார். அதெல்லாம் டீக்கடையில் உட்கார்ந்து எழுதின எடை என்றார் ரிஜால். பூவெல்லாம் காலிமாட்டி சந்தைக்குப் போய் யார் யார் வயிற்றிலோ கரைந்துவிட்டது, இனி எதை வைத்து நிரூபிப்பான் என்றும் கேட்டார். நாலு மணிக்குள் வேறு பதில் வராவிட்டால் புகார் போலீஸுக்குப் போகும், ஒப்பந்தம் அன்றோடு ரத்து.

தேவராஜ் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். முகம் இரண்டு நாள் தூக்கமில்லாத முகம். அண்ணன்மார் இரண்டு பேரும் கத்தாரில் கம்பி கட்டுகிறார்கள். வீட்டில் விவசாயம் படித்து உள்ளூரிலேயே வேலை பார்க்கிறவன் இவன் ஒருவன்தான். திருட்டுப் பட்டம் விழுந்தால் எந்த அலுவலகமும் இவனைச் சேர்க்காது, அடுத்த விமானம் இவனுக்கு. அப்பா இப்போதே பாஸ்போர்ட் விண்ணப்பத்தை வாங்கி வைத்துவிட்டாராம்.

நாலு பொட்டலமும் அவன் கையாலேயே ஒற்றைப்படைப் பாத்தியில் போட்டானாம். பாத்திக்கு ஒரு தீப்பெட்டி நிறைய, அதற்குமேல் ஒரு சிட்டிகைகூட ஆகாது, கூடினால் பயிர் கருகும். காலிப் பொட்டலங்களை வரப்பிலேயே விட்டுவிட்டு வந்ததாகச் சொன்னான்.

"அந்தம்மா பயந்தாங்க மேடம். விஷமா தம்பி, விஷமா தம்பின்னு அஞ்சு தடவை கேட்டாங்க. இல்லம்மா, தட்டார் வெச்சிருக்கற அதே வெங்காரம்தான்னு சொல்லித்தான் போட்டேன்," என்றான். "நான் விக்கல மேடம். சத்தியமா விக்கல."

அக்கா தலையை ஆட்டிவிட்டு என்னைப் பார்த்தார். ஸ்கூட்டர் வழக்கம்போல மூன்றாவது உதையில்தான் கிளம்பியது.

*

பூர்ணரத்ன சாக்யாவின் கடை இரண்டு ஆள் உட்கார்ந்தால் மூன்றாவது ஆள் தெருவில் நிற்கவேண்டிய அளவு. மூன்றாவது ஆள் நான். கிழவர் ஈரக்கல்லில் ஒரு வெள்ளைக் கட்டியை வைத்து நிதானமாக உரசிக்கொண்டிருந்தார். உரசி வந்த விழுதைத் தூரிகையில் தொட்டு ஒரு கம்மலின் விரிசலில் தடவினார். பிறகு ஊதுகுழலை வாயில் வைத்தார். நாங்கள் வந்ததோ, அக்கா பழைய போலீஸ் அடையாள அட்டையைக் காட்டியதோ அவரை ஒன்றும் செய்யவில்லை.

அந்தப் பொட்டலத்தை உங்களுக்கு விற்றது யார் என்று அக்கா கேட்டார். யாரும் எனக்கு எதையும் விற்கவில்லை என்றார் கிழவர். பின்னே எப்படி இங்கே வந்தது என்று நான் கேட்டேன். கடை என்றால் காகிதம் வரும், போகும் என்றார். நான் கொஞ்சம் குரலை உயர்த்தியதும் ஊதுகுழலைக் கீழே வைத்தார்.

"இங்க வர்றவங்கள்ல பாதிப் பேர் வீட்டுக்குத் தெரியாம வர்றவங்க, தம்பி. யார் வந்தா, என்ன கொண்டுவந்தான்னு நான் வாயத் திறந்தா, மறுநாள் கடையத் திறக்க முடியாது."

அவ்வளவுதான். இருந்த ஒரே துப்பு வாயை மூடிக்கொண்டது. மணி பத்தரை ஆகியிருந்தது. எனக்கு அலுப்பாக இருந்தது. காணாமல் போன நாயாவது கூப்பிட்டால் குரைக்கும் என்று அக்காவிடம் சொன்னேன்.

அக்கா ஸ்கூட்டரில் ஏறாமல் முழங்காலைத் தேய்த்துக்கொண்டு நின்றார். "அவர் எதை உரசினார், பாத்தியா?"

"ஏதோ கல்கண்டுக் கட்டி."

"வெங்காரம். கட்டியா வெச்சு உரசறவருக்குத் தூள் எதுக்கு?"

திருட்டுச் சரக்கு சல்லிசாகக் கிடைத்திருக்கும் என்றேன். இருக்கலாம் என்று ஒத்துக்கொண்டார். பிறகு, நீ மருந்தை விற்றுவிட்டு டீக்கடையில் உட்கார்ந்து எடை எழுதுகிறாய் என்று வைத்துக்கொள், என்ன எழுதுவாய் என்று கேட்டார். ஒற்றைப்படைக்கு நாலு கிலோ கூட்டி எழுதுவேன், தலைவருக்கும் சந்தோஷம், எனக்கும் நிம்மதி என்றேன்.

"அதான். திருடினவன் வித்தியாசத்த எழுதியிருப்பான். மருந்து வேலை செய்யலன்னு தன் கைப்பட எழுதி மாட்டிக்கிட்டவன் ஒண்ணு முட்டாள், இல்ல யோக்கியன். அவனப் பாத்தா முட்டாளாத் தெரியல."

*

அஷ்டமாயா அம்மாவின் வயல் ஊருக்குத் தெற்கே ஆற்றைப் பார்த்த சரிவில் இருந்தது. பூவெல்லாம் வெட்டிப்போய் அடித்தண்டு மட்டும் நின்றது. ஒன்று முதல் எட்டு வரை தகரப் பலகைகள் பாத்தித் தலைமாட்டில் குத்தியிருந்தன. ஐம்பதைத் தாண்டிய அந்த அம்மா, சிவப்புக் கரை போட்ட கறுப்புச் சேலையைக் கெண்டைக்காலுக்குமேல் கட்டிக்கொண்டு, உருளைக்கிழங்கு போடுவதற்காகத் தண்டைப் பிடுங்கத் தொடங்கியிருந்தார். நல்லவேளை, பாத்திக்கு ஒரு ஓரம்தான் முடிந்திருந்தது.

தேவராஜ் பெயரைச் சொன்னதும் கை நின்றது. அந்தப் பையன் வாரம் தவறாமல் சைக்கிளில் வந்தான், எல்லாம் அவனே போட்டான், அவன்மேல் குற்றம் சொன்னால் நாக்கு அழுகும் என்றார். சொல்லிவிட்டு எங்களைப் பார்க்காமல் மறுபடி குனிந்துகொண்டார். இதையேதான் அவர் ரிஜாலிடமும் சொல்லியிருக்கிறார். பையன் கிழவியை ஏற்கெனவே சரிக்கட்டிவிட்டான் என்று ரிஜால் முடிவு கட்டியிருந்தார்.

அக்கா அரிவாளை வாங்கி என் கையில் கொடுத்தார். ஒவ்வொரு பாத்தியிலும் மூன்று தண்டை நீளவாக்கில் பிளக்கவேண்டும். வெங்காரச் சத்து போதாத காலிஃபிளவருக்குத் தண்டு உள்ளே பொந்தாகிப் பழுப்பேறிவிடும், பூவிலும் டீ சிந்தினாற்போல் கறை ஏறும். பூ சந்தைக்குப் போனாலும் தண்டு இங்கேதானே இருக்கிறது என்றார். இதைத் தேவராஜிடம் காலையிலேயே கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறார். நான் அப்போது ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தேன்.

பிளந்தேன். மூன்றாம் பாத்தி கெட்டி, வெள்ளை. ஐந்தும் அப்படியே. ஆக, பையன் மருந்தைப் போட்டிருக்கிறான். எனக்கு உற்சாகம் வந்தது. இரண்டாம் பாத்தியைப் பிளந்தேன், அதுவும் கெட்டி. நாலு, ஆறு, எட்டு, எல்லாம் வெள்ளை வெளேரென்று கெட்டி. மருந்து திருட்டுப்போன வயலில் மருந்து இரண்டு மடங்கு இருந்தது. இப்படி ஒரு திருட்டை நான் எந்த ஊரிலும் கேள்விப்பட்டதில்லை.

வரப்புக்கு அந்தப் பக்கம் இன்னொரு வயலில் பாதிக் காலிஃபிளவர் வெட்டாமல் நின்றது. அக்கா நொண்டிக்கொண்டே போய், வெட்டின தண்டு ஒன்றைப் பிளக்கச் சொன்னார். உள்ளே விரல் நுழைகிற ஓட்டை, சுற்றிலும் பழுப்பு. நிற்கிற பூக்களும் சின்னச் சின்னதாக, கறையோடு இருந்தன. இது யாருடைய வயல் என்று கேட்டதற்கு அஷ்டமாயா அம்மா தலையைத் திருப்பவில்லை.

"என் கொழுந்தன் பொண்டாட்டியோடது. முன்ன ஒரே வயல்தான். பாகம் பிரிச்சப்ப வரப்பு போட்டாங்க."

அதே நாற்றங்கால், அதே வாரம் நட்டது, அதே எரு என்றார். பேச்சுவார்த்தை கிடையாது என்பதை அவர் சொல்லவில்லை, அவர் முதுகு சொன்னது.

அக்கா மேலே ஒன்றும் கேட்கவில்லை. மணி பன்னிரண்டு. தெருவில் உறவுக்காரர் வீட்டுக் கல்யாண விருந்து, தானே பரிமாறவேண்டும் என்று அந்த அம்மா கிளம்பினார். வயலுக்கு வந்தவர்கள் வெறும் வயிற்றோடு போகக்கூடாது என்று எங்களையும் கையோடு இழுத்துக்கொண்டு போனார். அன்று முதல் தடவையாக எனக்கு இந்த வழக்கு பிடித்தது.

*

திமிக்காரர்கள் நேவார்கள், அவர்கள் விருந்தில் வயதுப்படி உட்காரவேண்டும். நீளப் பாய் விரித்து, முற்றத்தின் நாலு பக்கமும் வரிசை. தலைவாசலில் தொண்ணூறு வயதுத் தாத்தா, அங்கிருந்து வயது இறங்கி இறங்கிக் கடைசியில் வெளியாட்களாக நாங்கள். எனக்கு ஒரு தூணுக்குப் பின்னால் இடம் கிடைத்தது. இலைத்தட்டில் அவல், கறுப்புச் சோயா, கீரை, எருமைக்கறி என்று ஒவ்வொன்றாக வந்தது. ஒரு கெண்டியைத் தலைக்குமேல் தூக்கி வீட்டுச் சாராயத்தை ஊற்றிக்கொண்டே போனார்கள். வண்டி ஓட்டவேண்டும் என்று நான் கையால் மறைத்தேன். அக்கா மறைக்கவில்லை, முழங்காலுக்கு நல்லது என்றார்.

மூங்கில்குருத்துக் குழம்பு வாளியோடு அஷ்டமாயா அம்மா வந்தார். வரிசையின் நடுவில் இளைத்த ஒரு பெண்ணிடம் வந்தபோது இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. கரண்டி மட்டும் நிறைந்து இறங்கியது. அதுதான் ஓரகத்தி, ஆறு வருஷமாகப் பேச்சில்லை என்று பக்கத்துப் பாய்க்காரர் என் காதில் சொன்னார். ஆறு வருஷம் பேசாதவளுக்கு ஊற்றின கரண்டியில் ஒரு சொட்டுக்கூடக் குறையவில்லை. தூண் மறைத்ததால் விட்டுப்போனது என் இலைதான். எனக்குப் பெரிய குறையில்லை, கறியே போதுமாக இருந்தது.

வாளி முற்றத்தின் மறுகோடிக்குப் போய்விட்டது. அங்கிருந்து அந்த அம்மா வரிசையை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். என் இலை கண்ணில் பட்டதும் முகம் வெளிறிப்போனது. முப்பது பேரைத் தாண்டி, வாளியைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தார்.

"மன்னிச்சிடு தம்பி. பாவம் பண்ணிட்டேன்."

பரவாயில்லை அம்மா என்றேன்.

"பரவாயில்லன்னு சொல்லாத. பந்தியில உட்காரவெச்சு ஒருத்தன் இலைய மட்டும் காலியா விடறதுக்கு, அவன வாசல்லயே வெரட்டியிருக்கலாம்."

எனக்கு இரண்டு கரண்டி ஊற்றினார். நான் சாப்பிடத் தொடங்கினேன். அக்கா சாப்பிடுவதை நிறுத்திவிட்டு, போகிற அந்த அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, தட்டார் கடைக்குப் போகவேண்டும் என்று மெல்லச் சொன்னார். நான் எழப்போனேன். சட்டையைப் பிடித்து உட்காரவைத்தார். பெரியவர்கள் எழாமல் பந்தியில் யாரும் எழக்கூடாதாம். தொண்ணூறு வயதுத் தாத்தா தயிரை மெல்ல மெல்ல ருசித்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பல் இல்லை, அவசரமும் இல்லை. தேவராஜுக்கு மீதி இருந்த ஒன்றே முக்கால் மணி நேரத்தில் முக்கால் மணியை அந்தத் தாத்தா சாப்பிட்டார்.

*

பூர்ணரத்ன சாக்யா அதே கல்லில் அதே கட்டியை உரசிக்கொண்டிருந்தார். இந்தத் தடவை அக்கா உட்காரக்கூட இல்லை.

"காலையில தப்பாக் கேட்டுட்டேன், சாக்யா ஐயா. உங்களுக்கு யாரும் விக்கல. உங்ககிட்டேருந்து வாங்கினது யாரு?"

கிழவர் முதல் தடவையாகச் சிரித்தார். "இதக் கேட்க ரெண்டு தடவை வரணுமா? பேர் மட்டும் சொல்லமாட்டேன்."

பேர் வேண்டாம் என்றார் அக்கா. கிழவர் சொன்னார். கார்த்திகைக் கடைசியில் ஒரு வயல்கார அம்மா வந்தார். காலிப் பொட்டலத்தைப் பிரித்து, மடிப்பில் ஒட்டியிருந்த தூளைக் காட்டி, இதே சரக்கு வேண்டும் என்றார். கிழவர் நாலு கட்டி கொடுத்தார். பொட்டலம் பலகையிலேயே தங்கிவிட்டது.

"எந்த நகையப் பத்தவைக்கப் போறீங்கன்னு கேட்டேன். நகை இல்ல, வீட்டுல நாலு பேர் பட்டினின்னாங்க. எனக்கு ஒண்ணும் புரியல. இந்தக் கடையில புரியாத விஷயத்த நான் கேட்டுக்கறதில்ல."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. பொட்டலம் அலுவலகத்திலிருந்து தட்டாருக்குப் போனது என்று காலையிலிருந்து ஒரே திசையில் ஓடிக்கொண்டிருந்தோம். வெங்காரம் வந்தது எதிர்த்திசையில்.

விருந்துவீட்டுக் கொல்லையில் அஷ்டமாயா அம்மா அண்டா தேய்த்துக்கொண்டிருந்தார். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு வார்த்தை குற்றமாகச் சொல்லாமல், கட்டியை எதில் இடித்தீர்கள் என்று மட்டும் கேட்டார். மசாலா இடிக்கிற உரலில் என்றார் அந்த அம்மா. தேவராஜ் அளந்த அதே தீப்பெட்டியால் அளந்து இரட்டைப்படைக்குப் போட்டிருக்கிறார். தெளிக்கிற மருந்திலும் மிச்சம் இருந்ததைத் தண்ணீர் கலந்து அவற்றுக்கும் தெளித்திருக்கிறார்.

"ஒண்ணு, மூணு, அஞ்சு, ஏழுக்கு மட்டும் சோறாம். ரெண்டும் நாலும் பக்கத்துலயே உட்கார்ந்து வேடிக்கை பாக்கணுமாம். தினமும் தண்ணி கட்டப் போறவ நான். அதுங்க மூஞ்சில எப்படி முழிக்கறது? அந்தப் பையன் படிச்ச பையன், அவனுக்கு இதெல்லாம் தோணல. எட்டும் நல்லா வந்தா ஆபீஸ்ல அவனத்தான் மெச்சுவாங்கன்னு நினைச்சேன்."

ஏன் ரிஜாலிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். அரசாங்கச் சோதனையில் கை வைத்ததற்கு என்ன தண்டனையோ என்று பயமாம். தான் சொல்லாவிட்டால் தண்டனை தேவராஜுக்கு என்பது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. அலுவலகத்தில் ஏதோ திட்டிவிட்டு விட்டுவிடுவார்கள் என்று நினைத்திருக்கிறார். போலீஸ், ரத்து, கத்தார் என்று அக்கா சொல்லச் சொல்ல அவர் கையிலிருந்து தேங்காய்நார் நழுவியது. கையைக்கூடக் கழுவாமல் எழுந்தார். ஸ்கூட்டரில் மூன்று பேர் போனோம், நடுவில் கரிக்கையோடு அவர்.

*

மணி மூன்று ஐம்பது. ரிஜால் எல்லாவற்றையும் கேட்டார். கேட்டுவிட்டுச் சால்வையை இறுக்கிக்கொண்டார். சரி, திருட்டு இல்லை என்று ஒத்துக்கொண்டார். ஆனால் ஒப்பிட்டுப் பார்க்கப் பட்டினி கிடந்த பாத்தி ஒன்றுகூட இல்லை, ஒரு வருஷ வேலை குப்பை, அதைக் கவனிக்காதவனுக்கு ஒப்பந்தம் எதற்கு என்றார். தேவராஜ் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். அஷ்டமாயா அம்மா தரையைப் பார்த்தார். எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. உண்மையைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்து கொடுத்ததும் நாங்கள், அதிலேயே பையன் மறுபடி மாட்டினதும் எங்களால்.

அக்கா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "பட்டினிப் பாத்திதானே வேணும்? இருக்கு சார். இன்னும் பாதி வெட்டாமலே நிக்குது. ஹீட்டர அணைச்சிட்டு வாங்க."

ஓரகத்தியின் வயலில் பத்துப் பூவை எடை போட்டோம். சராசரி அறுநூற்றைம்பது கிராம், அதிலும் நாலு பூ கறை. தண்டு பத்தும் ஓட்டை. ஒரே மண், ஒரே நாற்று, ஒரே எரு, நடுவில் ஒரு வரப்பு மட்டும். ரிஜால் ஒரு கையில் கெட்டித் தண்டும் ஒரு கையில் ஓட்டைத் தண்டுமாகக் குந்தி உட்கார்ந்துவிட்டார். பழைய வாத்தியாராம் அவர். தன் கையாலேயே பதிவேட்டில் ஒன்பதாம் பாத்தி என்று எழுதினார். விதிப்படி இது சரியான சோதனை இல்லை, ஆனாலும் ஒப்பிட ஒன்று கிடைத்தது என்று முனகினார். புகாரை நாலாக மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். தேவராஜ் 9 என்று எழுதிய தகரப் பலகையை வரப்புக்கு அந்தப் பக்கம் அடித்தான். அழுதுகொண்டே அடித்ததில் பலகை கோணலாக நின்றது.

இளைத்த அந்த ஓரகத்தி கறைபடிந்த பூக்களைக் கூடையில் அடுக்கிக்கொண்டு, தன் வயலுக்குத் திடீரென்று வந்த இத்தனை மரியாதை எதற்கு என்று புரியாமல் பார்த்தாள். அக்கா அஷ்டமாயா அம்மாவின் பக்கத்தில் போய் நின்றார்.

"இந்தப் பக்கம் எட்டுப் பேருக்கும் குறையில்லாமப் பரிமாறினீங்க. அந்தப் பக்கம் தோணலையா?"

அந்த அம்மா சேலைத் தலைப்பில் கரிக்கையைத் துடைத்தார். "அது வேற பந்தி," என்றார்.

எனக்குச் சிரிப்பதா என்று தெரியவில்லை. இந்த அம்மாவின் மனசு இன்னும் ஒரு முழம் பெரிதாக இருந்திருந்தால் தேவராஜ் இந்நேரம் கத்தாருக்குத் துணி மடித்துக்கொண்டிருப்பான். ஆறு வருஷத்துப் பகைதான் அவனைக் காப்பாற்றியது.

அடுத்த வருஷமும் ஒன்பதாம் பாத்திக்கு ஒன்றும் போடக்கூடாது, ஒப்பிடுவதற்கு அதுதான் என்று ரிஜால் தேவராஜிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அஷ்டமாயா அம்மா எட்டாம் எண் பலகையைப் பார்த்தார். பிறகு ஒன்பதாம் எண் பலகையைப் பார்த்தார். அதற்குப் பின்னால் கூடையோடு நிற்கிறவளையும் ஒரு தடவை பார்த்துவிட்டார்.

வீடு திரும்பும்போது அக்கா டீ வேண்டும் என்றார். வழியில் ஒரு டீக்கடையில் சொல்லிவிட்டு உட்கார்ந்தோம். எதிரே பூர்ணரத்ன சாக்யாவின் கடைக் கதவு பாதி சாத்தியிருந்தது. கீழே கறுப்புச் சேலையின் சிவப்புக் கரை தெரிந்தது. உள்ளே கட்டியைக் காகிதத்தில் சுற்றுகிற சத்தம் கேட்டது. கிழவர் தலையை நீட்டி எங்களைப் பார்த்தார்.

"யாரும் வரல," என்றார், நாங்கள் ஒன்றும் கேட்காமலே.

நான் எழுந்தேன். அக்கா கையமர்த்தினார். அன்று முழுவதும் அவர் முகத்தில் இருந்த களைப்பு அப்படியேதான் இருந்தது, ஆனால் திட்டவில்லை. தேவராஜுக்குப் போன் போடச் சொன்னார். அடுத்த வருஷம் ஒப்பிட்டுப் பார்க்கிற பாத்தியைத் திமியில் வைக்காதே, வேறெங்காவது தள்ளி வை என்று சொல்லச் சொன்னார். சொன்னேன். பாவம், அவன் குழம்பிப்போய், எவ்வளவு தள்ளி என்று கேட்டான்.

நான் போனைப் பொத்திக்கொண்டு அக்காவைக் கேட்டேன். அக்கா டீயை ஒரு வாய் குடித்துவிட்டு யோசித்தார்.

"அந்தம்மா திரும்பிப் பாத்தாலும் கண்ணுல படாத தூரம்னு சொல்லு."